ஜனவரி மூட்டைகள்

ஃபெர்னாண்ட், மரத்தூள் குச்சிகளை எரிக்கிற தன் பழைய பெல்லட் அடுப்பை எங்கள் பங்குக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்தபோது அதைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டிக் கொடுத்தான். நாடா புத்தம் புதிது. அடுப்பு போய்ச் சேரவேண்டிய கிழவர் ஓவிட்டின் முன்னறையில் வைத்து அந்த நாடாவை அறுத்து அடுப்பின் கதவைத் திறந்ததும் நானும் என் மைத்துனி பெர்ட்டீலும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

பூனை மூத்திர நெடி.

"அத்தான், இதுக்குள்ள ஏதோ செத்துக் கெடக்குது," என்றாள் பெர்ட்டீல்.

"செத்ததோட நாத்தம் வேற. இது உசிரோட இருக்கிற பூனை பண்ணின வேலை."

இரண்டுமே உண்மை என்று பிறகு தெரிந்தது.

அன்று புதன்கிழமை, நவம்பர் முதல் வாரம். ஆற்றின் இரு கரையிலும், அமெரிக்காவின் எங்கள் மேய்ன் மாநிலப் பக்கமும் கனடாப் பக்கமும், ஓரங்களில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஓவிட்டின் வீட்டுக்குள் சுவர் வெப்பமானி நாற்பத்தொன்பது ஃபாரன்ஹீட் காட்டியது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. வீட்டைச் சூடாக்க எண்ணெயில் ஓடும் அவருடைய கொதிகலன் செப்டம்பரிலேயே விரிசல் விட்டுவிட்டது. மனைவி ஆல்மா நிமோனியா கண்டு ஐந்து வாரமாக மருத்துவமனையில் இருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு நர்ஸ் வீட்டைப் பார்க்க வருவாள். படுக்கையறையில் அறுபத்தெட்டு டிகிரி இருந்தால் ஆல்மா வெள்ளிக்கிழமை வீடு திரும்பலாம். இல்லாவிட்டால் தெற்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஓவிட்டுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணில் புரை விழுந்து, வண்டி ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. ஆல்மா அங்கே போய்விட்டால் அவர் அவளை இனி எத்தனை தடவை பார்ப்பார் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். 

எங்கள் பங்கின் குளிர்கால உதவிக் குழுவில் அடுப்பு வேலை என்னுடையது. உருளைக்கிழங்கு ஆலையில் முப்பது வருடம் இயந்திரம் பார்த்தவன் என்பதால் என்னிடம் விட்டார்கள். ஞாயிறு பூசையில் வாசிக்கிற நன்றிக் குறிப்பை எழுதுவதும் நான்தான். எந்த வீட்டார் என்ன கொடுத்தார்கள் என்று நான் எழுதிக் கொடுப்பதைத்தான் பங்குத்தந்தை வாசிப்பார்.

என்னைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எளிதில் அருவருப்புப்படுகிறவன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே உட்காருவேன், ஆனால் அந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஓவிட்டின் வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டது. தொட்டியில் தட்டுகள், அவற்றின் மேல் வெண்மையாக உறைந்த பன்றிக் கொழுப்பு. நாற்காலிக் காலடியில் புகையிலை துப்புகிற காப்பி டப்பா, முக்கால் அளவுக்கு. கிழட்டு நாய் ஒன்று மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு தன் பின்புறத்தை நக்கிக்கொண்டிருந்தது. அது நக்குகிற சத்தமும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"தம்பி, முதல்ல ரெண்டு ப்ளோய் தின்னுட்டு வேலையப் பாருங்க," என்றார் ஓவிட். மின்சாரத் தட்டில் ஒரு இரும்புக் கல் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்தது. ப்ளோய் என்கிற எங்கள் ஊர் அப்பத்துக்குக் கரைத்த பக்வீட் தானிய மாவைக் கரண்டியால் அள்ளி ஊற்றினார். புரை விழுந்த கண், கல்லின் விளிம்பு தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்து ஊற்றினார். அந்த விரல் நகத்தின் அடியில் கறுப்பு.

"இப்பத்தான் சாப்பிட்டேன் அண்ணே," என்றேன்.

பொய். காலையிலிருந்து காப்பி மட்டும்தான். பெர்ட்டீல் மூன்று தின்றாள், வெண்ணெய் தடவிச் சுருட்டி, நின்றுகொண்டே.

"மாவு நல்லா இருக்கு அண்ணே. ஆல்மாக்கா கரைக்கிறதவிட நல்லா இருக்கு."

"அவகிட்ட இதச் சொல்லிடாதே. அப்புறம் வீட்டுக்கு வரவே மாட்டா."

நான் கையுறை மாட்டிக்கொண்டு அடுப்புக்குள் கையை விட்டேன்.

சுவரில் துளையிட்டுப் புகைக்குழாய் வைக்கிற வேலையைத் திங்கட்கிழமையே முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது இந்தக் கர்மம்தான். பெல்லட் கொட்டுகிற பெட்டிக்குள் மிச்சமிருந்த மரத்தூள் குச்சிகள் ஈரம் குடித்து ஊதி, சாணி மாதிரி ஒரே கட்டியாக இறுகியிருந்தன. அதற்குள் எலிப் புழுக்கை, பஞ்சு, கிழித்த கடிதாசு. பெட்டியின் அடியிலிருந்து குச்சிகளைத் தள்ளிக் கொண்டுவருகிற திருகுக்கம்பியைச் சுற்றியும் அதே கட்டி. ஸ்பூனால் நோண்டி எடுத்தேன். பின்பக்கம் சூட்டை அறைக்குள் தள்ளுகிற விசிறியைக் கழற்றியதும் ஒரு எலி வந்தது, அல்லது எலியாக இருந்தது. விசிறி அதைப் பாதியாக்கியிருந்தது. ஒரு பாதி காய்ந்திருந்தது, மறு பாதி காயவில்லை. நான் வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி நின்றேன். வெறும் காப்பிதான் வந்தது.

திரும்பி வந்தபோது பெர்ட்டீல் சாம்பல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இந்த விஷயத்தில் வெட்கமே கிடையாது.

"கண்டுபிடிச்சிட்டேன் அத்தான். ஃபெர்னாண்டு வீட்டுல மூணு பூனை. பூனை ஒண்ணுக்குப் போற தட்டுல மண்ணுக்குப் பதிலா பெல்லட்டத்தான் போடறான், மூட்டையா வாங்கினா மலிவுன்னு. பூனை போனதுக்கப்புறம் அதை வெயில்ல காயவச்சு அடுப்புல எரிக்கிறான்னு அவன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நான் நம்பல."

"பூனை போனத எரிச்சிருக்கான்."

"இருபது வருசம்."

"அதை எடுத்து கடவுள் பேருல குடுத்திருக்கான். நாடா கட்டி."

ஓவிட் சிரித்தார். "எங்கப்பா மாட்டுச் சாணத்த எரிச்சாரு, தம்பி. அதுக்கு நாடா யாரும் கட்டல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபெர்னாண்ட் ஆற்றோரம் புது வீடு கட்டி, அதில் புது அடுப்பு வைத்திருப்பவன். பழையதைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக அலுப்புப்பட்டு, நுரையீரல் கெட்டுப்போன ஒரு கிழவியின் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். ஞாயிறன்று அவன் பெயரைப் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வான். அந்தக் குனிவு எப்படியிருக்கும் என்றுகூட என் கண்ணில் தெரிந்தது. நன்றிக் குறிப்பில் அவன் பெயரை எழுதப்போவதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன். அதை எழுதாமல் விடுவதன் மகிழ்ச்சியை நாள் முழுக்க, எலி மயிரைச் சுரண்டும்போதெல்லாம், வாயில் மிட்டாய் மாதிரி ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

வேலை நடந்தது. உள்ளே குச்சிகள் விழுந்து எரிகிற எரிகிண்ணத்துக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றினால், அதற்குப் பின்னால் புகை போகிற வழி முழுக்கச் சாம்பலும் கரியும் ஈரமாக அப்பியிருந்தது. இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. வெளியே புகைக்குழாயின் வாயில், உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளுகிற இயந்திரத்தின் உறிஞ்சும் பக்கத்தைப் பொருத்தி முடுக்கிவிடுவது. உள்ளே ஒருவர் அடுப்பின் சுவர்களை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தியலை ஓவிட் வாங்கிக்கொண்டார். கண் தெரியாவிட்டாலும் கைக்கு வேலை தெரிந்தது. வெளியே ஒரு கறுப்பு மேகம் கிளம்பிப் பனிப் புல் மேல் விழுந்தது. அதிலும் பூனை.

"எங்க கல்யாணத்துல கூட யாரும் கை இவ்வளவு தட்டல," என்றார் ஓவிட்.

எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகள் கண்ணாடி மாதிரி உருகிய சாம்பலால் அடைத்திருந்தன. ஒவ்வொன்றாக ஆணியால் குத்தித் திறந்தேன். பெட்டியையும் உட்சுவரையும் பெர்ட்டீல் வினிகர் ஊற்றி மூன்று முறை துடைத்தாள். கதவு விளிம்பில் காற்றை அடைக்கிற கயிறு நைந்திருந்தது. புதுக் கயிறு ஒட்டினேன். ஒட்டியபிறகு ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது வழக்கம். நோட்டு நழுவி வந்தால் காற்றும் நழுவும். நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. படுக்கையறை வாசலில் நச்சுப்புகை மணியை மாட்டினேன். நான் கொண்டுவந்திருந்த பத்து மூட்டையில் ஒன்றை அவிழ்த்துப் பெட்டியில் கொட்டி, ஒரு மணிக்குத் தீ வைத்தேன்.

தீ பிடித்தது. ஆனால் அது தீயாக இல்லை. ஆரஞ்சு நிறத்தில், நுனி கறுத்து, சோம்பேறித்தனமாக ஆடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கண்ணாடி கறுப்பாகிவிட்டது. தீக்குக் காற்று விடுகிற காற்றுக் கதவின் கம்பியை விரலகலம் இழுத்தேன். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவன் தொட்டால் இந்த அடுப்பு படியாது. காத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். திருகின் வேகத்தைக் குறைத்தேன். தீ சுருங்கியது. கூட்டினேன். கிண்ணத்தில் குச்சி எரியாமல் குவிந்து, புகைந்து, அணைந்தது. கிண்ணத்தைக் கழற்றிக் கட்டியைத் தட்டிக் கொட்டி மறுபடி ஆரம்பித்தேன். புகைக்குழாயைத் திரும்பப் பார்த்தேன். கதவில் டாலர் நோட்டைத் திரும்ப வைத்து இழுத்தேன்.

சூடு ஏற ஏற வினிகர் போய்ப் பூனை திரும்பி வந்தது. கொதிக்கிற பூனை.

நாலு மணி ஆயிற்று, வெளிச்சம் போகத் தொடங்கியது. வெப்பமானி ஐம்பத்திமூன்று.

"அந்தப் பயல நான் சும்மா விடமாட்டேன்," என்றேன். "நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல இதக் கொண்டுபோய் எறக்குவேன். நாடாவோட."

"இன்னைக்கு எரியுமா, அதச் சொல்லுங்க அத்தான்."

"இது எரியாது. அவன் கெடுத்து வச்சிருக்கான். இருபது வருசம் மூத்திரத்த எரிச்சா இரும்புகூட செத்துப்போகும்."

ஓவிட் நாற்காலியில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆல்மாவின் போர்வை ஒன்றை மடித்து வைத்திருந்தார். அவள் வந்ததும் போர்த்துவதற்கு. அதைத் திரும்பத் திரும்ப மடித்தார். "தெற்க அந்த இல்லத்துல ஜன்னல் பெருசாம்," என்றார், யாரிடமும் அல்லாமல். "நர்சு சொன்னா."

பெர்ட்டீல் பெட்டியை நிரப்ப மூட்டையருகே போனாள். ஒரு கைப்பிடி அள்ளியவள் நின்றாள். ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலால் ஒடித்தாள். நல்ல பெல்லட் சாக்பீஸ் மாதிரி 'டக்' என்று ஒடியும். இது ஒடியவில்லை, உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் உதிர்ந்தது. மூட்டையைப் புரட்டினாள். அடிப்பக்கம் பிளாஸ்டிக் கிழிந்து, ஈரம் ஏறிய பழுப்புக் கோடு.

"அத்தான், இந்த மூட்டையெல்லாம் யார் குடுத்தது?"

நான் குனிந்து காற்றுக் கதவின் கம்பியைத் திரும்பத் தொட்டேன்.

"நல்ல மூட்டைதான்மா," என்றார் ஓவிட் அவசரமாக. "கொஞ்சம் தூள் இருக்கு, அவ்வளவுதான்."

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் மூட்டைகள் இரண்டு வகை. இலையுதிர் காலத்துக்கும் வசந்த காலச் சேற்றுக்கும் மட்டமானவை. அரைகுறைக் குளிருக்கு அவை போதும். தேவதாரு மரத்தில் செய்த நல்லவற்றை யாரும் தொடாமல் வீட்டின் உலர்ந்த மூலையில் அடுக்கி வைப்போம். ஜனவரி மூட்டைகள் என்போம். என் வீட்டு ஜனவரி மூட்டைகள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. மட்டமானவை கொட்டகையில் இருந்தன. ஆகஸ்டில் கொட்டகைக் கூரை ஒழுகியது. அந்தப் பத்து மூட்டையையும் என் அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஓவிட்டின் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசித்தபோது அவை கண்ணில் பட்டன. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கிழிந்த பக்கம் அடியில் வருமாறு வைத்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கையே செய்தது.

ஃபெர்னாண்டிடம் ஒரு நாடா இருந்தது. என்னிடம் அதுகூட இல்லை.

காலையிலிருந்து என் மூக்கில் ஏறியிருந்த நாற்றத்தையெல்லாம் விட மோசமான ஒன்று அப்போது எனக்குள்ளிருந்து வந்தது. 

"அண்ணே," என்றேன். "உங்களுக்குத் தெரியுமா?"

ஓவிட் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கொட்டும்போதே தெரியும். நல்ல பெல்லட்டு விழுந்தா கூழாங்கல்லு விழுற மாதிரி சத்தம் வரும். இது ரவை மாதிரி விழுந்துச்சு. கண்ணு போனவனுக்குக் காது கொஞ்சம் கூட வேலை செய்யும்."

"ஏன் சொல்லல? மூணு மணி நேரம் போச்சு. நாளைக்குக் காலையில நர்சு."

"நீ முதுகுல சுமந்துக்கிட்டு வந்தே, தம்பி. பத்து மூட்டை. மூச்சு வாங்கிச்சு உனக்கு. அப்ப எப்படிச் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தினார். "ஒருவேளை எரிஞ்சுடும்னு நெனச்சேன்."

தன் மனைவியைப் பந்தயமாக வைத்து அவர் என் முகத்தைக் காப்பாற்றியிருந்தார். நான் அவருடைய ப்ளோயைத் தொட மறுத்தவன்.

பெர்ட்டீல் என்னைப் பார்த்தாள்.  வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஆறு மைல். மாடிப்படிக்கு அடியில் குனிந்து மூட்டைகளை இழுத்தபோது என் மனைவி ஜோஸெட் கையில் ஈரத் துணியுடன் வந்து நின்றாள்.

"அது ஜனவரிக்கு வச்சதில்ல?"

"ஆமா."

"எத்தனை எடுக்கிறீங்க?"

"எட்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதைப் பார்த்தாளோ தெரியாது. "ஆல்மாவுக்குக் குளிர் ஆகாது. பதினஞ்சு எடுத்துக்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, குனிந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

திரும்பி வந்து பெட்டியைக் காலி செய்து, தூளை உறிஞ்சி எடுத்து, கிண்ணத்தைத் துடைத்துவிட்டு முதல் மூட்டையைக் கொட்டினேன். கலகலவென்று விழுந்தது. ஓவிட் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

தீ வைத்ததும் குச்சிகள் கிண்ணத்தை விட்டுத் துள்ளி வெளியே விழுந்தன. ஈரக் குச்சிக்காக நான் காற்றுக் கதவை அளவுக்கு மீறித் திறந்து வைத்திருந்தேன். கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். கால் மணி. இன்னும் கொஞ்சம். கால் மணி. திருகை ஒரு கோடு கூட்டினேன். தீ குட்டையாக, மஞ்சளும் வெள்ளையுமாக, நின்ற இடத்திலேயே சுறுசுறுப்பாக எரிந்தது. கண்ணாடியில் படிந்தது வெளிறிய சாம்பல் மட்டும். அந்த அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. ஃபெர்னாண்ட் அதை அசிங்கப்படுத்தியிருந்தான், கெடுக்கவில்லை. அன்று அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது நான்.

ஆறு மணிக்கு அறுபத்தொன்று. பெர்ட்டீல் படுக்கையறைக் கதவில் சின்ன விசிறி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு யாரும் கேட்காமலே தொட்டியில் கிடந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அண்ணே," என்றேன், "அந்த ப்ளோய் மாவு மிச்சம் இருக்கா?"

"காலையில கரைச்சது. புளிச்சிருக்கும்."

"பரவாயில்ல."

அவர் எழுந்து, கல்லைத் தடவி, விரலால் விளிம்பு பார்த்து, ஊற்றினார். அதே விரல். தட்டில் போட்டு நீட்டினார். மஞ்சள் அப்பத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் மென்றேன். ரேகை இருந்த பக்கத்தை முதலில் தின்றேன். புளிப்பு நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொன்னு?"

"போடுங்க."

நாய் எழுந்து வந்து அடுப்பின் முன்னால் படுத்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே நானும் பெர்ட்டீலும் போய்விட்டோம். நர்ஸ் பத்தேகாலுக்கு வந்தாள், இளம்பெண், ஜலதோஷத்துடன். சொந்த வெப்பமானியை ஆல்மாவின் தலையணை மேல் வைத்துவிட்டு, கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, மருந்துக்கு அலமாரி இருக்கிறதா என்று பார்த்தாள். துப்பும் டப்பாவைக் காணோம். நாயின் கிண்ணம்கூடத் துலக்கியிருந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அவள் திரும்பி வந்து வெப்பமானியை எடுத்தாள்.

"அறுபத்தொன்பது," என்றாள். எழுதிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுல பூனை இருக்கா? நுரையீரலுக்கு ஆகாதே, அதான் கேட்டேன்."

"இல்லம்மா," என்றார் ஓவிட். "வந்துட்டுப் போயிடுச்சு."

பெர்ட்டீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"இன்னைக்குள்ள போயிடும்," என்றேன் நான். "சாயங்காலம் வந்து இன்னொரு தடவை வினிகர் போடுறேன்."

நர்ஸ் தலையாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓவிட் உடனே தொலைபேசியை எடுத்து, எண்களை விரலால் எண்ணி எண்ணி அழுத்தினார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் ஆல்மா தொலைபேசியில் கத்துகிறவள். அறை முழுக்கக் கேட்டது.

"வீடு சூடா இருக்கு ஆல்மா. நாளைக்கு வர்ற. கொஞ்சம் பூனை நாத்தம் அடிக்குது, பரவாயில்லியா?"

"உன் புகையிலை டப்பாவ விடவா?"

 அவருடைய ஒரு கை மடித்த போர்வையைத் தேடியது.

நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை எழுதினேன். அடுப்புக்காக ஃபெர்னாண்ட் குடும்பத்துக்கு நன்றி என்று எழுதினேன். மூட்டைகளுக்கு யார் பெயரையும் எழுதவில்லை. பெர்ட்டீல் தோளுக்கு மேலிருந்து அதை வாசித்துவிட்டு, கழுவிய தட்டுகளை அலமாரியில் அடுக்கப் போனாள். அவிழ்த்ததையும் சேர்த்து ஈர மூட்டைகள் பத்தையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன், கிழிந்த பக்கம் மேலே இருக்கும்படி. ஜனவரியில் அவற்றை என் அடுப்பில் எரித்தோம். கண்ணாடி வாரத்தில் நாலு நாள் கறுத்தது, ஜோஸெட் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதைத் துடைத்தாள்.